சர்ரியலிசம் நவீன ஓவியத்துக்கு உண்மையில் விட்டுச்சென்றது என்ன?

சல்வடோர் டாலியின் உருகும் கடிகாரங்களைப் போல இன்று யாரும் வரைவதில்லை, கனவை வரைவதும் அப்படியொன்றும் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரியவில்லை, பிறகு எதை வைத்து நவீன ஓவியத்தில், 1920களில் பாரிஸில் தோன்றிய சர்ரியலிச இயக்கத்தின் தாக்கம் பெரிது என்கிறார்கள், பார்க்கத் தொடங்குவதென்றால் எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கனம் ‘தாக்கம்’ என்ற சொல்லின் மேல்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு படம் இன்னொன்றின் சாயலில் இருந்தால்தான் தாக்கம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. ஆனால் ஓவியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் அதிகம் எடுத்துக்கொள்வது வேலை செய்யும் முறையைத்தான். முடிந்த படத்தில் அது கண்ணில் படாமலே போகலாம். என்ன வரையப்போகிறோம் என்று தெரியாமலே ஒரு படத்தைத் தொடங்குவதற்கான துணிவும், அதற்கு உதவும் சில கைவழிகளுமே சர்ரியலிசத்திடமிருந்து பின்வந்தவர்கள் பெற்றவை என்பது என் கருத்து. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வரைகலையும் அச்சுக்கலையும் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கவிதையிலும் சினிமாவிலும் இந்த இயக்கம் செய்ததை எடைபோட எனக்குப் பயிற்சி போதாது. ஆகவே ஓவியத்தோடும் அதையொட்டிய பொருள்களோடும் நின்றுகொள்கிறேன்.

கனவை வரைவது புதிதல்ல என்று நீங்கள் சொல்வதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹியரோனிமஸ் பாஷ் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மனிதரை விழுங்கும் பறவைத் தலையரை வரைந்துவிட்டார். உறங்குபவனைச் சூழும் ஆந்தைகளையும் வௌவால்களையும் கோயா 1799இல் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிட்டார். விசித்திரமாக இருப்பதையெல்லாம் சர்ரியலிசம் என்று அழைக்கும் இன்றைய வழக்கம் அந்தச் சொல்லையே வெறுமையாக்கிவிட்டது. தமிழில் ‘மிகை யதார்த்தவாதம்’ என்று எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு: ‘மிகை’ என்றதும் நமக்கு ஊதிப் பெருக்கியது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘சர்’ என்ற பிரெஞ்சு முன்னொட்டு குறிப்பது யதார்த்தத்துக்கு மேலான ஒன்றை. அதனால் நான் சர்ரியலிசம் என்றே எழுதிப் பழகிவிட்டேன்.

இந்த இயக்கம் ஓவியர்களால் தொடங்கப்பட்டதல்ல. பின்னர் நடந்த பலவற்றுக்கும் இதுவே திறவுகோல். இதைத் தொடங்கிய கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் மருத்துவம் படித்தவர். முதல் உலகப் போரின்போது, 1916இல், போர்முனையிலிருந்து மனம் சிதைந்து வந்த வீரர்களுக்கான செயின்ட் டிசியே மருத்துவ மையத்தில் பணியாற்றினார். மனத்தில் தோன்றுவதையெல்லாம் தடையின்றிச் சொல்லவிட்டுக் கேட்கும், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டின் முறை அங்கே அவருக்கு அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டு கவிஞர் கியோம் அப்பொலினேர் ‘சர்ரியலிஸ்ட்’ என்ற சொல்லை உருவாக்கினார். 1919இல் பிரெத்தோனும் கவிஞர் பிலிப் சூப்போவும், நோயாளியிடம் கையாண்ட அந்த முறையைத் தங்கள் மேலேயே பிரயோகித்துப் பார்ப்பதுபோல, திருத்தாமல், திரும்பிப் பார்க்காமல், கை ஓடும் வேகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1924 அக்டோபரில் வெளிவந்த முதல் அறிக்கையில் பிரெத்தோன் சர்ரியலிசத்துக்குத் தந்த வரையறையும் இதுதான்: அறிவின் கட்டுப்பாடோ, அழகு பற்றிய கவலையோ, அறம் பற்றிய கவலையோ குறுக்கிடாமல் சிந்தனை ஓடும் விதத்தை அப்படியே பதிவு செய்யும் தன்னியக்கம். அந்த அறிக்கையில் ஓவியர்களின் பெயர்கள் ஓர் அடிக்குறிப்பில்தான் வருகின்றன. 1925 ஏப்ரலில், இயக்கத்தின் சொந்த இதழிலேயே, பியேர் நவீல் சர்ரியலிச ஓவியம் என்று ஒன்று கிடையாது என்று எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸில் சர்ரியலிச ஓவியக் கண்காட்சி ஒன்றும் நடந்தது என்பது வேறு கதை.

நவீலின் மறுப்பில் ஒரு தொழில் உண்மை இருந்தது. பேனாவைத் தாளில் வைத்துச் சிந்தனையின் வேகத்தில் எழுதிவிடலாம். தைலவண்ணத்தில் அது நடக்காது. கித்தானை இழுத்துக் கட்ட வேண்டும், அடிப்பூச்சு காய வேண்டும், வண்ணத்தைக் குழைக்க வேண்டும், தூரிகையை நாலு தடவைக்கொரு தடவை மறுபடி தோய்க்க வேண்டும். அதற்குள் அறிவு விழித்துக்கொண்டு மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்துவிடும். இந்தத் தடையை எப்படித் தாண்டுவது என்ற கேள்விக்கு 1924க்கும் 1930களின் நடுப்பகுதிக்கும் இடையில் ஓவியர்கள் கண்ட விடைகளைத்தான் இயக்கத்தின் உண்மையான சொத்து என்று நான் கருதுகிறேன்.

ஆந்த்ரே மசோன் முதலில் மையும் பேனாவும் கொண்டு, கோடு எதையும் குறிக்காமல் ஓடவிட்டு, நடுவில் ஒரு கையோ மீனோ முலையோ தலைகாட்டினால் அதைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிடும் வரைபடங்களைச் செய்தார். பிறகு, 1926இல், கித்தானில் பசையைத் தாறுமாறாக ஊற்றி, மேலே மணலைத் தூவி, ஒட்டாத மணலை உதறிவிட்டு, எஞ்சிய திட்டுகள் எதை நினைவூட்டுகின்றனவோ அதைச் சுற்றி ஒரு சில கோடுகள் மட்டும் போட்டார். சில இடங்களில் வண்ணத்தைக் குழாயிலிருந்து நேராகப் பிதுக்கினார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘மீன்களின் போர்’ இப்படிப் பிறந்தது. அதில் கூர்ப்பற்களோடு மீன்கள் ஒன்றையொன்று கடிக்கின்றன, சிவப்பு வழிகிறது. மசோன் 1917இல் போரில் மார்பில் பலத்த காயம்பட்டவர் என்பது உறுதியான செய்தி. அந்தச் சிவப்பு அந்தக் காயத்தின் நினைவு என்று சொல்வது விமர்சகர்களின் வாசிப்பு. எனக்கும் அது ஏற்புடையதே என்றாலும் படத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாது.

மாக்ஸ் எர்ன்ஸ்ட் கண்ட வழி இன்னும் எளியது. 1925 ஆகஸ்ட் 10ஆம் நாள், கடலோர விடுதி அறையொன்றில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது, தேய்ந்து ரேகை துலங்கிய தரைப்பலகைகளின் மேல் தாளை வைத்துக் கரிக்கோலால் உரசியதில் இந்த முறை கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அதைப் பத்தாண்டுக்குப் பிறகு எழுதினார் என்பதால், நாளும் மழையும் அவ்வளவு துல்லியமாக இருந்தனவா என்பதை அவர் வாக்காக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். 1926இல் அவர் வெளியிட்ட 34 உரசல் படங்களின் தொகுப்போ கண்முன் இருக்கிறது: மர ரேகைகள் காடாகின்றன, இலை நரம்புகள் மரமாகின்றன, ஒரு முடிச்சு கண்ணாகிறது.

இதை நான் வகுப்பில் ஆண்டுதோறும் செய்யச் சொல்கிறேன். மெல்லிய தாள், படுக்கவைத்துப் பிடித்த மென்மையான பென்சில், பழைய மேசைப் பலகை, இவ்வளவே கருவி. முதல் சில நிமிடங்களில் எல்லாருடைய தாளிலும் சாம்பல்நிற அலைகள் எழும். பலகையில் முடிச்சு இருக்கும் இடத்துக்கு வந்ததும் அநேகமாக எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அது கண்ணாகத் தெரிந்துவிடும். உடனே இமை வரைந்து, மூக்கு வரைந்து, படத்தைக் கெடுப்பார்கள். கண் தெரிந்த பிறகும் கையை அவசரப்படுத்தாமல், தாளை அரை அங்குலம் நகர்த்தி இன்னொரு முறை உரசிப் பார்ப்பவர் ஒருவர் இருவர் இருப்பார்கள். அவர்களுடைய தாளில், பலகையிலும் இல்லாத, அவர்களும் நினைத்திராத ஒன்று வந்து நிற்கும். எர்ன்ஸ்டின் தொகுப்பை உற்றுப் பார்த்தால் அவரும் இப்படித்தான் தாளை நகர்த்தியும், சில பகுதிகளை மறைத்தும், வேறு பொருளை அடியில் வைத்தும் வேலை செய்திருப்பது புலப்படும். ஆகவே தன்னியக்கம் என்பது முழுக்க முழுக்கத் தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜோன் மிரோவின் 1920களின் படங்கள் பசி மயக்கத்தில் சுவரில் தெரிந்த உருவங்களிலிருந்து பிறந்தவை என்பது அவரே சொன்ன புகழ்பெற்ற கதை. அந்தப் படங்களில் பலவற்றுக்கு அவர் முன்கூட்டியே போட்டுவைத்த வரைவுகள் குறிப்பேடுகளில் இருக்கின்றன. கதை பொய் என்று இதற்குப் பொருளில்லை. உருவம் கட்டற்று வந்தது, படம் நிதானமாகக் கட்டப்பட்டது, அவ்வளவுதான்.

உங்கள் நினைவில் இருக்கும் டாலி இந்த வழியைச் சேர்ந்தவரல்லர். அவர் 1929இல் குழுவில் சேர்ந்தபோது இயக்கத்துக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. கையை அவிழ்த்துவிடுவதற்குப் பதிலாக, உள்ளே கண்ட காட்சியைப் பழைய ஓவியப் பள்ளிகளின் நுணுக்கத்தோடு அசையாமல் நிறுத்தி வரைவது அவர் வழி. ‘நினைவின் நிலைபேறு’ என்ற அந்த 1931ஆம் ஆண்டுப் படத்தை அச்சில் மட்டும் பார்த்தவர்கள் அதைச் சுவரளவு கற்பனை செய்துகொள்கிறார்கள். அதன் அளவு 24க்கு 33 சென்டிமீட்டர், சாதாரண எழுதுதாளைவிடச் சற்றே பெரியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: மூன்று கடிகாரங்கள் குழைந்து தொங்குகின்றன, நான்காவது இறுகித்தான் இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில், மூடி கவிழ்ந்து, மேலெல்லாம் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. தூரத்துப் பாறைகள் அவர் வாழ்ந்த கட்டலோனியக் கடற்கரையின் பாறைகளேதாம். இவ்வளவு திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஒன்றைக் கனவின் பதிவு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. 1938 ஜூலையில் லண்டனில் டாலியைச் சந்தித்த ஃபிராய்டு, அதுவரை சர்ரியலிஸ்டுகளைக் கிறுக்கர்கள் என்றே எண்ணியிருந்ததாகவும் இந்த இளைஞரின் வெறி பிடித்த கண்களும் மறுக்க முடியாத கைத்திறமும் தன் கருத்தை மாற்றிவிட்டதாகவும் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்குக்கு எழுதினார். அந்தக் கடிதம் இருக்கிறது. பழைய ஓவியங்களில் தான் தேடுவது நனவிலியை (நாம் அறியாமலே இயங்கும் மனத்தை), உங்கள் படங்களில் தேடுவது நனவை என்று ஃபிராய்டு தன்னிடம் சொன்னதாக டாலி கூறிக்கொண்டார். அதற்கு டாலியின் வாய்மொழிதான் சான்று; அப்படிச் சொல்லியிருந்தால் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

டாலியின் பாணிக்கு ஓவியத்தில் வாரிசு அதிகம் இல்லை என்று நீங்கள் கவனித்தது சரிதான். அது விளம்பரத்துக்கும் சுவரொட்டிக்கும் புத்தக அட்டைக்கும் போய்ச் சேர்ந்தது. பொருந்தாத இரண்டைப் பளிச்சென்று ஒட்டவைத்து ஒரு கணம் கண்ணை நிறுத்துவது அங்கே நன்றாக விலைபோகிறது. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியதால்தான் மூலமே நமக்குப் பழகிய விளம்பரம் போலத் தெரிகிறது.

துல்லியமாக வரைந்தவர்தான் என்றாலும் ரெனே மாக்ரித்தை டாலியோடு சேர்த்துவிட மாட்டேன். அவர் பிழைப்புக்காகப் பிரஸ்ஸல்ஸில் விளம்பர வேலை செய்தவர். ஒரு பொருளையும் அதன் கீழே ஒரு பெயரையும் போட்டால் பார்ப்பவர் இரண்டையும் கேள்வி கேட்காமல் ஒன்றாக்கிக்கொள்வார் என்பது அவருக்குத் தொழில்முறையில் தெரியும். 1929இல் பள்ளிப் பாடப்புத்தகப் படம் போல ஒரு புகைக்குழாயை வரைந்து, அதன் கீழே பள்ளிக்கூடக் கையெழுத்தில் ‘இது புகைக்குழாய் அன்று’ என்று எழுதினார். சொல்லுக்கும் உருவத்துக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இடைவெளியையே படத்தின் பொருளாக்கிய இந்தக் காரியம் முப்பது ஆண்டு கழித்து வந்த, எண்ணத்தையே படைப்பாகக் கொண்ட கருத்துக் கலைஞர்களுக்குப் பாலபாடமாயிற்று. பெல்ஜியக் கலைஞர் மார்செல் புரூத்தெர்ஸ் விஷயத்தில் தொடர்பு நேரடியானது. அவர் மாக்ரித்தை அறிந்தவர், கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் 1954இல் வரையத் தொடங்கிய அமெரிக்கக் கொடி, கொடியா கொடியின் படமா என்ற கேள்வியில் மாக்ரித்தின் குழாயோடு உறவு கொண்டதுபோல் தெரிகிறது. ஆனால் அங்கே தாக்கம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், இருவரும் ஒரே முட்டுச்சந்தில் சந்தித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

பொருள்களின் பக்கம் இன்னும் தெளிவான ஒரு வாரிசுரிமை இருக்கிறது. மெரெட் ஒப்பன்ஹைம் 1936இல், தம் 22ஆம் வயதில், கடையில் வாங்கிய ஒரு கோப்பையையும் தட்டையும் கரண்டியையும் மான்தோல் மயிரால் போர்த்தினார். அவ்வளவே வேலை. ஆனால் அதைப் பார்க்கும்போது அழகா அசிங்கமா என்று யோசிக்குமுன் நாக்கு சுருங்குகிறது; நனைந்த மயிர் உதட்டில் படுவதை உடம்பு முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறது. கண்ணுக்காகச் செய்த ஒரு பொருள் வாயைத் தீண்டுவது சிற்பத்தில் அதற்குமுன் அரிது. 1938இல் பாரிஸில் நடந்த பெரிய சர்ரியலிசக் கண்காட்சியில் கலைஞர் மார்செல் டூஷாம்ப் கூரையிலிருந்து 1,200 நிலக்கரிச் சாக்குகளைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்க, வந்தவர்கள் கையில் டார்ச் விளக்கோடு படங்களைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று நிறுவல் கலை என்று நாம் அழைப்பதில், பார்வையாளரின் உடலையே ஓர் அறைக்குள் வைத்து வேலை செய்யும் எண்ணம் இங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மிகப் பெரிய கைமாற்றம் போரால் நிகழ்ந்தது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரெத்தோன், மசோன், எர்ன்ஸ்ட் முதலியோர் மார்செய் துறைமுகம் வந்து, கப்பலுக்கும் அனுமதிச் சீட்டுக்கும் காத்திருந்து, அடுத்த ஆண்டு அமெரிக்கா சேர்ந்தனர். பிரெத்தோன் ஆங்கிலம் கற்க மறுத்தார். அதனால் உண்மையான ஆசிரியராக அமைந்தவர் சிலியில் பிறந்த, வயதில் இளைய, ஆங்கிலம் பேசிய ராபர்ட்டோ மத்தா. 1942இல் அவர் தம் கூடத்தில் ராபர்ட் மதர்வெல், வில்லியம் பாசியோட்டஸ், ஜாக்சன் போலாக் ஆகிய அமெரிக்க ஓவியர்களைக் கூட்டித் தன்னியக்க வரைதலைச் செய்துபார்க்க வைத்தார். 1944இல் ஒரு பேட்டியில் போலாக், ஐரோப்பியர்களிடம் தன்னைக் கவர்ந்தது கலையின் ஊற்று நனவிலியே என்ற அவர்களுடைய எண்ணம் என்றும், குறிப்பிட்ட ஓவியர்களைவிட அந்த எண்ணமே முக்கியம் என்றும் சொன்னார். உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் எங்கும் கண்டதில்லை.

இவ்வளவும் ஆவணத்தில் இருப்பவை. இதற்கு மேல் போகும்போது கால் வழுக்குகிறது. துளையிட்ட வண்ணத் தகர டப்பாவைக் கயிற்றில் கட்டி ஆட்டி 1942இல் எர்ன்ஸ்ட் செய்த படத்திலிருந்தே போலாக்கின் சொட்டு ஓவியங்கள் (கித்தானில் வண்ணத்தைச் சொட்டவிட்டுச் செய்தவை) பிறந்தன என்று அடிக்கடி எழுதப்படுகிறது. போலாக் 1936லேயே மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸின் நியூயார்க் பட்டறையில் வண்ணத்தைக் கொட்டியும் தெளித்தும் பார்த்தவர். ஓவியர் ஜேனட் சோபெலின் சொட்டுப் படங்களை அவர் 1940களின் நடுவில் பார்த்து வியந்ததாக விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க் பதிவு செய்திருக்கிறார். மூன்று ஊற்றுகள் இருக்கும்போது ஒன்றை மட்டும் தாய் என்பது வசதிக்காகச் செய்யும் வேலை. மேலும் 1947க்குப் பிந்தைய போலாக், தன் வண்ணத்தின் ஓட்டத்தைத் தானே ஆள்வதாகவும் அதில் தற்செயல் இல்லை என்றும் வலியுறுத்தினார். மசோன் மணல் திட்டில் மீனைக் கண்டு கோடு போட்ட இடத்தில், போலாக் எதையும் காணாமல், காண மறுத்து, முழுக் கித்தானையும் கோட்டுக்கே விட்டுவிட்டார். முறை கைமாறியது, அதன் நோக்கம் திசைமாறியது.

பாரிஸிலிருந்து நியூயார்க் என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்வதும் குறையுடையது. 1938 டிசம்பரில் கெய்ரோவில் எழுத்தாளர் ஜார்ஜ் ஹெனைனும் நண்பர்களும், நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று இழிவுபடுத்திய நவீனக் கலையை வாழ்த்தி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கியூபாவின் வில்பிரெடோ லாம் 1941இல் பிரெத்தோன் வந்த அதே கப்பலில் மார்செய்யிலிருந்து புறப்பட்டு, கரீபியத் தீவுகள் வழியாகத் தாயகம் திரும்பி, ‘காடு’ என்ற பேரளவுப் படத்தை 1943இல் முடித்தார். கரும்புத் தண்டுகளுக்கு நடுவே கரும்பு போலவே நீண்ட கால்களும் முகமூடி முகங்களும் கொண்ட உருவங்கள் அதில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஐரோப்பியர்கள் தேடிப்போன ‘நனவிலி’ அவருக்கு அடிமை உழைப்பின் வரலாறாகவும் ஆப்பிரிக்க வழிபாடாகவும் வீட்டிலேயே இருந்தது. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ விஷயத்தில் நான் இன்னும் எச்சரிக்கையாக இருப்பேன். பிரெத்தோன் 1938இல் மெக்சிகோ சென்று அவரை சர்ரியலிஸ்ட் என்று கொண்டாடினார். 1940இல் மெக்சிகோ நகரில் நடந்த சர்ரியலிசக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. ஆனால் தான் வரைந்தது கனவை அல்ல, தன் வாழ்வை என்று பின்னாளில் அவர் மறுத்துவிட்டார். அவர் பேச்சை ஏற்பதே முறை. லியோனோரா காரிங்டன், ரெமேதியோஸ் வாரோ போன்ற பெண் ஓவியர்கள் இயக்கத்துக்குள் இருந்தே வந்தவர்கள். ஆண்களின் அறிக்கைகளில் பெண் பெரும்பாலும் உந்துதலாகவும் உருவகமாகவுமே வருகிறாள் என்பதால் அவர்களுடைய வேலைக்கு உரிய கவனம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு: டாலியை விட்டுவிட்டு மசோனின் ‘மீன்களின் போர்’ படத்திலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 36க்கு 73 சென்டிமீட்டர் உள்ள சிறிய, நீளவாக்கிலான படம். நேர்முகமாக எடுத்த ஒளிப்படத்தில் மணல் வெறும் பழுப்புத் திட்டாகத் தட்டையாகிவிடும். பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருக்கி எடுத்த படம் கிடைத்தால் அதைப் பாருங்கள். மணல் விழுந்து முடிந்த இடம் எது, மசோனின் கை நுழைந்த இடம் எது என்பது அதில் தனித்தனியாகத் தெரியும்.